மேலச்சை வாசித்தல்: பழைய துருக்கித் தபால்தலைகள் குறித்து

பழைய துருக்கித் தபால்தலை ஒன்றைக் கையில் எடுத்தால் முதலில் கண்ணில் படுவது அச்சின் மேல் அச்சு. நடுவில் பிறையும் நட்சத்திரமும், சுற்றிலும் பூவேலை, அதைச் சுற்றி வளைந்தோடும் கறுப்பு மையில் அரபு எழுத்துகள். பிற்காலத்தில் வந்தவற்றில் இதற்கும் மேலே ஒரு நட்சத்திரமோ, ஆண்டைக் குறிக்கும் எண்ணோ, ஒரு மாட்டுத் தலையோ இருக்கும். அச்சாகி முடிந்த தபால்தலையின் மீது மறுபடியும் அச்சிடுவதை மேலச்சு என்கிறோம். பெரும்பாலான நாட்டு அஞ்சல் துறைகள் எப்போதாவது மேலச்சிட்டிருக்கின்றன. ஆனால் 1865 முதல் 1922 வரை இவ்வளவு இடைவிடாமல், இத்தனை காரணங்களுக்காக மேலச்சிட்ட நாடு உதுமானியத் துருக்கியைப் போல் வேறொன்றைச் சொல்வது கடினம்.

இந்த மேலச்சுகளை எப்படிப் புரிந்துகொள்வது என்பதே இக்கட்டுரையின் கேள்வி. நிலைகுலைந்த நிர்வாகம் விட்டுச்சென்ற குப்பையா அவை? அல்லது, தபால்தலையில் உள்ள படத்தைவிட மேலச்சுதான் நம்பகமான வரலாற்று ஆவணமா? இரண்டாவதே சரி என்பது என் முடிவு. ஆயினும் அந்த ஆவணத்தை நம்புவதற்குச் சில நிபந்தனைகள் உண்டு. அவற்றையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இதுவரை உள்ள புரிதல்

துருக்கித் தபால்தலை ஆய்வுக்கு வலுவான நூல்கள் உள்ளன. அடால்ஃப் பாசர் எழுதிய துருக்கித் தபால்தலைகள் பற்றிய பெருநூலை லண்டன் ராயல் ஃபிலாடெலிக் சொசைட்டி 1938இல் வெளியிட்டது. முத்திரைக் குறிகளைத் தொகுத்து ஓர்ஹான் பிராண்ட், சப்ரி ஜெய்லான் இருவரும் 1963இல் இஸ்தான்புல்லில் ஒரு நூல் கொண்டுவந்தனர். கோல்ஸ், வாக்கர் இருவரும் 1984 தொடங்கிப் பல பகுதிகளாக வெளியிட்ட உதுமானிய முத்திரைத் தொகுப்பு இன்றும் சேகரிப்பாளர் மேசையில் இருக்கிறது. ஸ்டான்லி கிப்பன்ஸ், ஸ்காட், மிஷேல் போன்ற பொதுப் பட்டியல்களுடன் இஸ்தான்புல்லில் வெளியாகும் இஸ்ஃபிலா பட்டியலையும் சேர்த்துக்கொள்ளலாம்.

இவற்றின் உழைப்பு மதிப்பு மிக்கது. எனினும் பட்டியல் என்ற வடிவத்துக்கே ஒரு சாய்வு உண்டு. படத்தை மூலமாகவும் மேலச்சை அதன் திரிபாகவும்தான் பட்டியலால் காட்ட முடியும். மூலத்துக்கு ஓர் எண், திரிபுக்கு அந்த எண்ணின் பக்கத்தில் ஓர் எழுத்து. பட்டியலைப் பார்த்து ஆல்பம் நிரப்புகிறவர் மேலச்சைத் தொல்லையாகவே உணர்கிறார். இதோடு ‘ஐரோப்பாவின் நோயாளி’ என்று உதுமானியப் பேரரசுக்கு ஐரோப்பியர் வைத்த பெயரும் சேர்ந்துகொள்கிறது. கடன்பட்ட அரசு, கையிருப்பில் இருந்ததன் மேல் எதையோ அடித்து விற்றது என்ற எண்ணம் அப்படித்தான் நிலைபெற்றது. சில வெளியீடுகள் சேகரிப்பாளர் பணத்தைக் குறிவைத்தவை என்ற குற்றச்சாட்டும் உண்டு. அதில் உண்மை இல்லாமல் இல்லை, பின்னர் வருகிறேன்.

துக்ராவும் டுலோஸும்

உதுமானிய அஞ்சல் அமைச்சகம் 1840 அக்டோபர் 23 அன்று தொடங்கப்பட்டது. தபால்தலை வந்தது அதற்கு 22 ஆண்டுகளுக்குப் பிறகு, 1863 ஜனவரி 13இல். அப்போது அஞ்சல் துறைக்குத் தலைமை வகித்த ஆகாஹ் எஃபெந்தி, 1860இல் ‘தர்ஜுமானே அஹ்வால்’ என்ற செய்தித்தாளைத் தொடங்கிய பத்திரிகையாளர். செய்தித்தாளும் தபாலும் ஒரே மனிதரின் கைவழியாக நவீனம் பெற்றன என்பதைத் தற்செயல் என்று நான் நினைக்கவில்லை. பத்திரிகை வாசகனைச் சென்றடையத் தபால் ஒழுங்காக நடந்தாக வேண்டும்.

அந்த முதல் தபால்தலைகளில் சுல்தானின் முகம் கிடையாது. இருப்பது அவருடைய துக்ரா, அதாவது ஆட்சியாளரின் பெயரைப் பின்னிப் பிணைந்த எழுத்துருவில் வரையும் கையொப்பச் சின்னம். கீழே அடர்ந்த எழுத்துக்கட்டு, மேலே எழும் மூன்று செங்குத்துத் தண்டுகள், இடப்பக்கம் சுழலும் இரு முட்டை வடிவங்கள், வலப்பக்கம் நீளும் கைகள். 1863 துக்ராவில் இருப்பது ‘அப்துல் அஸீஸ் கான், மஹ்மூதின் மகன், என்றும் வெற்றி பெறுபவர்’ என்னும் வாசகம். பின்வந்த இரண்டாம் அப்துல் ஹமீதும் ஐந்தாம் மெஹ்மெதும் ஒரே தந்தை அப்துல் மஜீதின் மக்கள் ஆதலால் அவர்கள் துக்ராக்களின் பாதி ஒன்றுபோலவே தோன்றும். புதியவர்கள் இங்கே தடுமாறுவார்கள். சின்னத்தின் வலப்பக்கத் தோளருகே தனியாக நிற்கும் சொல்லைப் பார்க்க வேண்டும். ‘ரெஷாத்’ என்று இருந்தால் அது ஐந்தாம் மெஹ்மெது, 1909க்குப் பின். ‘அல் காஸி’ என்று இருந்தால் பெரும்பாலும் அப்துல் ஹமீது.

1863 வரிசையில் 20 பாரா, 1 குருஷ், 2 குருஷ், 5 குருஷ் என நான்கு மதிப்புகள். 40 பாரா ஒரு குருஷ். 100 குருஷ் ஒரு லிரா. ஐரோப்பியர் குருஷைப் பியாஸ்தர் என்றார்கள். மை எல்லாவற்றிலும் கறுப்புதான். நிறம் தாளில் இருந்தது: 20 பாராவுக்கு மஞ்சள், 5 குருஷுக்கு ரோஜா. ஓரத்தில் துளை இல்லாததால் கத்தரியால் வெட்டிப் பயன்படுத்தினார்கள். தாளில் தபால்தலைகள் தலைகீழ் இணைகளாக அச்சாகியிருந்தன. ஒவ்வொன்றின் அடியிலும் சிவப்பிலோ நீலத்திலோ ஒரு பட்டை ஓடும். அதில் நிதி அமைச்சகத்தின் பெயர் இருக்கும். தபால்தலையைப் பணத்தாளாகவே அரசு பார்த்ததற்கு இந்தப் பட்டை சாட்சி. இங்கேயே இரண்டாவது அச்சின் கதை தொடங்கிவிடுகிறது என்றும் சொல்லலாம்: கறுப்பு அச்சு கடிதத்துக்கு, வண்ணப் பட்டை கருவூலத்துக்கு.

1865இல் வந்த அடுத்த வரிசை டுலோஸ் என்ற பிரெஞ்சு வடிவமைப்பாளரின் பெயராலேயே அறியப்படுகிறது. பாரிஸில் அச்சாகி வந்தது. பிறை, நட்சத்திரம், பூவேலை எல்லாம் உண்டு. ஆனால் மதிப்பு மட்டும் இல்லை. எல்லா மதிப்புகளுக்கும் ஒரே அச்சுரு, நிறம் மட்டும் வேறு. மதிப்பைக் கறுப்பு மையில் மேலச்சாகத்தான் இட்டார்கள். மேலச்சு இல்லாத டுலோஸ் தபால்தலை முற்றுப்பெறாத பொருள்.

நிர்வாகச் சீர்குலைவு என்ற வாதம் தொடக்கத்திலேயே இங்கு உடைகிறது. எதையும் திருத்துவதற்காகவோ தட்டுப்பாட்டைச் சமாளிப்பதற்காகவோ இட்ட மேலச்சு அல்ல இது. திட்டத்திலேயே இருந்தது. செலவு மிகுந்த செதுக்கு வேலையை ஒருமுறை செய்துவிட்டு, மாறக்கூடிய பகுதியான மதிப்பையும் மொழியையும் தனியாக வைத்துக்கொள்ளும் அச்சுச் சிக்கனம் என்று நான் இதைக் கொள்கிறேன். தகடுகள் பின்னர் இஸ்தான்புல்லுக்கு வந்து அங்கேயே அச்சிடப்பட்டபோது ஓரத்துளைகள் கரடுமுரடாயின, மேலச்சின் எழுத்துருவும் பலமுறை மாறியது. இன்று ஒரு டுலோஸ் தபால்தலை எந்த ஆண்டைச் சேர்ந்தது என்று பிரித்தறிய உதவுவது இந்த எழுத்துருவும் துளையளவும்தான். படம் எந்த உதவியும் செய்யாது.

உலக அஞ்சல் ஒன்றியத்துக்கு அடிகோலிய 1874 பெர்ன் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட 22 நாடுகளில் துருக்கியும் ஒன்று. வெளிநாட்டு அஞ்சலகங்கள் படிக்க வேண்டுமென்றால் லத்தீன் எண்கள் வேண்டும். 1876இல் அதே டுலோஸ் தபால்தலைகள் மீது பியாஸ்தரின் சுருக்கமும் லத்தீன் எண்ணும் ஏறின. அதே ஆண்டு செப்டம்பரில் லண்டன் பிராட்பரி வில்கின்சன் நிறுவனம் அச்சிட்ட, பிரெஞ்சில் நாட்டுப் பெயர் கொண்ட புதிய வரிசை வந்தது. உலகத்தோடு பேச வேண்டிய தேவை படத்தில் வருவதற்குச் சில மாதங்கள் முன்பே மேலச்சில் வந்துவிட்டது.

எண்ணும் ஆண்டும்

என்னிடம் உள்ள மஞ்சள் நிற 20 பாரா டுலோஸ் தபால்தலை ஒன்றை மூன்று ஆண்டுகள் ‘2’ என்று எழுதிய உறையில் வைத்திருந்தேன். தவறு எண்ணை வாசித்ததில் நேர்ந்தது. அரபு எண்களில் சுழி ஒரு புள்ளி. தேய்ந்த அச்சில் அந்தப் புள்ளி மங்கி மறையும். 20 என்பது 2 ஆகிவிடும். நம் கண்ணுக்குச் சுழிபோலத் தெரியும் வட்டம் உண்மையில் 5. நம் 7 போல் நிற்பது 6. ஆங்கில வி எழுத்துப் போன்றது 7, அதைக் கவிழ்த்தால் 8. எழுத்து வலமிருந்து இடமாக ஓடினாலும் எண்ணை இடமிருந்து வலமாகவே படிக்க வேண்டும்.

எண்ணை மட்டும் நம்பாமல் பக்கத்தில் உள்ள அலகுச் சொல்லையும் படித்திருந்தால் எனக்கு அந்தத் தவறு நேர்ந்திருக்காது. ‘பாரா’ என்ற சொல்லின் முதலெழுத்துக்கு அடியில் மூன்று புள்ளிகள் இருக்கும். அரபியில் இல்லாத ‘ப’ ஒலிக்காகப் பாரசீகர் உருவாக்கிய எழுத்து அது. ‘போஸ்தா’ என்ற சொல்லிலும் அதே எழுத்து வரும். குர்ஆன் ஓதப் பழகிய ஒருவர் இந்த ஓர் எழுத்தையும் இன்னும் சிலவற்றையும் கற்றுக்கொண்டால் உதுமானியத் தபால்தலையை எழுத்துக்கூட்டிப் படித்துவிடலாம். அரபுத்தமிழ் நூல்களைப் படித்து வளர்ந்த காயல்பட்டினம், கீழக்கரைக் குடும்பத்தவருக்கு இது இன்னும் எளிது. அரபு எழுத்துக்குள் வேறொரு மொழி குடியிருக்கும் என்ற பழக்கம் அவர்களுக்கு ஏற்கெனவே உண்டு.

எண்ணைவிடப் பெரிய சிக்கல் ஆண்டு. மேலச்சுகளில் உள்ள ஆண்டை ஹிஜ்ரி ஆண்டு என்று எடுத்துக்கொள்வது பரவலான தவறு. உதுமானிய அரசு நிர்வாகத்துக்குப் பயன்படுத்தியது ரூமி ஆண்டு. அது சூரிய ஆண்டு; மார்ச்சில் தொடங்கியது. அதனுடன் 584 கூட்டினால் நமக்குப் பழக்கமான ஆண்டு கிடைக்கும். ஜனவரி, பிப்ரவரி மாதங்களுக்கு மட்டும் 585. 1917இல் நாள் கணக்கு ஐரோப்பிய முறையோடு இணைக்கப்பட்டது, 1918 முதல் ஜனவரி 1 ஆண்டுத் தொடக்கமாயிற்று, 1926இல் முறையே கைவிடப்பட்டது.

இந்த வேறுபாட்டின் விளைவை ஓர் எடுத்துக்காட்டால் காட்டலாம். பல பழைய தபால்தலைகள் மீது பிறை, நட்சத்திரத்துடன் 1331 என்ற மேலச்சு உள்ளது. ஹிஜ்ரி என்று கொண்டால் அது 1912 டிசம்பர் முதல் 1913 நவம்பர் வரை, அதாவது முதல் உலகப் போருக்கு முன். ரூமி என்று கொண்டால் 1915 மார்ச் முதல் 1916 மார்ச் வரை, கலிப்போலிப் போரின் காலம். இதே தவறு 1336, 1337 மேலச்சுகளில் நேர்ந்தால், அங்காரா அரசின் தபால்தலைகள் அந்த அரசு பிறப்பதற்கு முன்பே வெளிவந்ததாக ஆகிவிடும். ஆண்டைத் தவறாக வாசித்தவர் காரணத்தையும் தவறாகத்தான் சொல்வார்.

ஓர் எழுத்தும் ஒரு புள்ளியும்

உதுமானிய மண்ணில் தபால் உதுமானிய அரசின் ஏகபோகமாக இருக்கவில்லை. கேப்பிடுலேஷன் எனப்பட்ட சலுகை ஒப்பந்தங்களின் நிழலில் ஆஸ்திரியா, ரஷ்யா, பிரான்ஸ், பிரிட்டன், ஜெர்மனி, இத்தாலி ஆகியவை இஸ்தான்புல்லிலும் துறைமுக நகரங்களிலும் சொந்த அஞ்சல் நிலையங்களை நடத்தின. வணிகர்கள் அவற்றையே நம்பினார்கள். பிரிட்டிஷ் இந்தியாவின் அஞ்சல் துறைகூட 1868 முதல் பாக்தாதிலும் பஸ்ராவிலும் நிலையம் வைத்திருந்தது. உதுமானிய நகரத்தில் இந்தியத் தபால்தலை ஒட்டிக் கடிதம் போடலாம்.

1905 தொடங்கிச் சில ஆண்டுகள் வந்த உதுமானியத் தபால்தலைகளில் காணப்படும் ஒரு சிறு மேலச்சு இந்தப் பின்னணியில்தான் பொருள் தரும். தோணி போன்ற ஒரு வளைவு, அடியில் ஒரு புள்ளி, அவ்வளவுதான். அரபு எழுத்து ‘பே’. ‘பெஹியே’ என்ற சொல்லின் முதலெழுத்து, தள்ளுபடியைக் குறிப்பது. வெளிநாட்டுக்கு நிறையக் கடிதம் அனுப்பும் வணிகர்களை அந்நிய அஞ்சல் நிலையங்களிலிருந்து மீட்க, இவற்றை முகமதிப்புக்குக் குறைவாக விற்றார்கள். தன் தலைநகரிலேயே தன் தபாலுக்கு வாடிக்கையாளர் தேட வேண்டிய நிலையில் ஓர் அரசு இருந்தது. ஒப்பந்த ஆவணங்களில் பக்கம் பக்கமாகக் கிடக்கும் இந்தச் செய்தியை ஓர் எழுத்து சொல்கிறது. இதைத் திரிபு என்று பட்டியலின் ஓரத்தில் ஒதுக்கிவைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

மேலச்சு துருக்கியரின் தனிப்பட்ட கோளாறு அல்ல என்பதற்கும் சான்று இங்கேயே உண்டு. பிரிட்டன் 1885இல் விக்டோரியா முகம் கொண்ட தன் தபால்தலைகள் மீது 40 பாரா, 80 பாரா என மேலச்சிட்டு இஸ்தான்புல்லில் விற்றது. ஒழுங்குக்குப் பெயர்பெற்ற அஞ்சல் துறையும் அயல்மண்ணில் அதையே செய்தது.

போர் வந்தபோது

1914இல் இரண்டு நிகழ்ச்சிகள் நடந்தன. பிராட்பரி வில்கின்சன் லண்டனில் அச்சிட்ட அழகிய காட்சி வரிசை வெளிவந்தது. இஸ்தான்புல்லின் கோபுரங்கள், மசூதிகள், கோட்டை. 200 குருஷ் தபால்தலையில் ஐந்தாம் மெஹ்மெதின் முகம். தபால்தலையில் ஒரு சுல்தானின் முகம் இடம்பெற்றது அதுவே முதல்முறை. செப்டம்பரில் அரசு கேப்பிடுலேஷன்களை ஒழிப்பதாக அறிவித்தது. அக்டோபர் 1 அன்று அந்நிய அஞ்சல் நிலையங்கள் மூடப்பட்டன. அந்த ஒழிப்பை அறிவிக்கும் மேலச்சு புதிய வரிசையின் மீதே ஏறியது. ‘பே’ எழுத்தில் தொடங்கிய வாக்கியம் இங்கே முடிகிறது என்று வாசிக்கலாம்.

நவம்பரில் பிரிட்டனோடு போர். லண்டன் அச்சகத்தின் கதவு அடைத்தது. தேவை இருந்தது, அச்சு இல்லை. கிடங்குகளில் கிடந்த 1892, 1901, 1905, 1908 வெளியீடுகளின் மிச்சங்களை எடுத்து நட்சத்திரமும் பிறையும் மாட்டுத் தலையும் இட்டுச் செல்லுபடியாக்கினார்கள். 1890களில் அச்சுத்தாள் கட்டணத்துக்காக ‘இம்ப்ரிமே’ என்று பிரெஞ்சில் ஏற்கெனவே மேலச்சிட்டவற்றின் மீதும் மறு மேலச்சு விழுந்தது. ஒரு சதுர அங்குலத்துக்குள் மூன்று அச்சுகள் அடுக்கப்பட்ட தபால்தலைகள் இவ்வாறு பிறந்தன. சீர்குலைவு என்று சொல்வோர் மிகுதியாகச் சுட்டுவது இந்த ஆண்டுகளைத்தான். தட்டுப்பாடு உண்மை. ஆனால் தட்டுப்பாட்டைச் சமாளிப்பது வேறு, சீர்குலைவு வேறு. நான்காண்டுப் போரில் தபால் நடந்துகொண்டிருந்ததே இவற்றால்தான்.

சேகரிப்பாளரைக் குறிவைத்தவை என்ற குற்றச்சாட்டுக்கு வருவோம். 1911இல் சுல்தான் மாசிடோனியாவுக்குச் சென்றதை ஒட்டி மனாஸ்திர், பிரிஷ்டினா, சலோனிக்கா, உஸ்குப் என்ற ஊர்ப்பெயர்களை இட்ட வரிசைகள் வந்தன. ஒரே தபால்தலைகளை நான்கு ஊர்ப்பெயரில் விற்பதற்கு அஞ்சல் தேவை எதுவும் இல்லை. இதில் நான் வாதாட மாட்டேன். ஆனால் மறு ஆண்டே, 1912 பால்கன் போரில், அந்த நான்கு ஊர்களும் உதுமானியர் கையைவிட்டுப் போயின. வணிக நோக்கில் வந்தவை என்றாலும், அந்த ஊர்களை ஓர் அரசு தன்னுடையவை என்று அச்சில் சொன்ன கடைசிக் குரல்களில் அவையும் சேர்ந்துவிட்டன.

அங்காராவும் பாக்தாதும்

1920 மார்ச்சில் நேச நாடுகள் இஸ்தான்புல்லை முறைப்படி ஆக்கிரமித்தன. ஏப்ரல் 23 அன்று அங்காராவில் மாபெரும் தேசிய மன்றம் கூடியது. அந்த அரசிடம் தகடும் இல்லை, தபால்தலையும் இல்லை. அனடோலியாவின் அலுவலகங்களில் இருந்த வரி வில்லைகளை எடுத்துத் தபாலுக்கென மேலச்சிட்டார்கள். நீதிமன்றக் கட்டண வில்லை, நிலப்பதிவு வில்லை, ஹிஜாஸ் ரயில்பாதை வில்லை எல்லாம் தபால்தலை ஆயின. 1922இல் இத்தாலியின் ஜெனோவாவில் அச்சிட்ட சொந்தத் தபால்தலைகள் வரும்வரை புதிய துருக்கியின் கடிதங்கள் இவற்றை ஒட்டியே சென்றன. 1908இல் மதீனாவை எட்டிய ஹிஜாஸ் பாதைக்கு இந்திய முஸ்லிம்களும் நன்கொடை அனுப்பியிருந்தார்கள். யாத்திரைக்கான பாதையின் பெயரால் அச்சிட்ட வில்லை, விடுதலைப் போரின் தபால்தலை ஆனது.

மேலச்சின் வலிமையை முழுதாக உணர்த்துவது இன்னொரு இணை. என் மேசை விளக்கடியில் இரு தபால்தலைகளை அருகருகே வைத்திருக்கிறேன். இரண்டிலும் ஒரே படம்: பாஸ்பரஸ் நீரிணையின் குறுகலான இடத்தில் 1452இல் இரண்டாம் மெஹ்மெது கட்டிய ருமெலி ஹிசார் கோட்டை. இரண்டும் 20 பாரா, இரண்டும் சிவப்பு, இரண்டையும் அச்சிட்டது அதே பிராட்பரி வில்கின்சன். உருப்பெருக்கியில் பார்த்தால் கோட்டைச் சுவரின் கோடுகள் ஒன்றுக்கொன்று அச்சு மாறாமல் பொருந்துகின்றன. ஒன்று 1914இல் இஸ்தான்புல்லுக்காக அச்சானது. மற்றொன்று 1918இல் அதே தகட்டில் அச்சாகி, குறுக்கே ஆங்கிலத்தில் ‘பிரிட்டிஷ் ஆக்கிரமிப்பில் இராக்’ என்றும் ஓர் அணா என்றும் மேலச்சுப் பெற்றது. துருக்கி லண்டனில் செய்துவைத்த தகடுகளைப் போரில் வென்ற தரப்பு எடுத்துப் பயன்படுத்தியது. துருக்கிக் கடற்படையின் ஹமீதியே போர்க்கப்பல் படம்கூட ஆக்கிரமிப்பு மேலச்சோடு பஸ்ராவிலும் பாக்தாதிலும் விற்பனையானது. படம் துருக்கியுடையது. பணம் இந்தியாவுடையது. ஆட்சி யாருடையது என்பதைச் சொல்வது மேலச்சு ஒன்றே.

1917 மார்ச் 11 அன்று பாக்தாத் வீழ்ந்ததும் அங்கே கிடைத்த உதுமானியத் தபால்தலைகள் மீது ‘பிரிட்டிஷ் ஆக்கிரமிப்பில் பாக்தாத்’ என்று அச்சிட்டார்கள். 1919இல் மோசுலில் உதுமானிய வரி வில்லைகள் மீது ‘ஐ.இ.எஃப். டி’ என்று இட்டார்கள். இந்தியப் பயணப்படையின் ‘டி’ பிரிவு என்று பொருள். அந்தப் படையில் மதராஸ் சாப்பர்கள் என்ற பொறியியல் படையினர் இருந்தார்கள். அணாவிலும் ரூபாயிலும் மேலச்சான துருக்கித் தபால்தலையில் நம் ஊர்க்காரர்களின் உழைப்பும் சாவும் ஒட்டியிருக்கின்றன.

நம்புவதற்கான நிபந்தனை

மேலச்சை ஆவணம் என்று சொல்வதற்கு எதிரான மிக வலுவான வாதம் போலிகள். ஒரு தபால்தலையை முழுதாகப் போலி செய்யத் தாளும் தகடும் வேண்டும். மேலச்சைப் போலி செய்ய மலிவான உண்மைத் தபால்தலையும் ஒரு ரப்பர் முத்திரையும் போதும். ‘இம்ப்ரிமே’, ஷெஹிர் எனப்படும் நகரத் தபால் மேலச்சு, மாட்டுத் தலை, பாக்தாத் ஆகியவற்றில் போலிகள் ஏராளம். 1898இல் தெசலியில் இருந்த உதுமானியப் படைக்காக வந்த எண்கோணத் தபால்தலைகளிலோ தபால்தலையே முழுதாகப் போலி.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு வியாபாரியிடம் மாட்டுத் தலை மேலச்சிட்ட, முத்திரை குத்திய தபால்தலை ஒன்றை நல்ல விலை கொடுத்து வாங்கினேன். வீட்டில் பத்து மடங்கு உருப்பெருக்கியில் பார்த்தபோது முத்திரை மையின் வளைகோடு மாட்டுக் கொம்பை எட்டியதும் அறுந்து, கொம்புக்கு அடியில் புகுந்து மறுபக்கம் வெளிவந்தது. முத்திரைக்கு மேலே மேலச்சு! தபால்தலை முதலில் பயன்பட்டுக் கடிதத்தில் போய்ச் சேர்ந்து, பல ஆண்டு கழித்து யாரோ மாட்டுத் தலையைக் குத்தியிருக்கிறார்கள். முத்திரையில் தெரிந்த ஆண்டும் மாட்டுத் தலை மேலச்சு வந்த 1917க்கு முந்தையது. அன்றிலிருந்து எந்த மேலச்சையும் மூன்று கேள்வி கேட்காமல் நான் ஏற்பதில்லை: முத்திரை மேலச்சின் மேல் கிடக்கிறதா, முத்திரையின் தேதி மேலச்சுக்குப் பிந்தியதா, முத்திரை சொல்லும் ஊரில் அந்தத் தபால்தலை விற்றிருக்க முடியுமா?

ஆகவே மேலச்சுக்குச் சாட்சி முத்திரை. உதுமானிய முத்திரைகளும் படித்தறிய வேண்டியவையே. தொடக்கத்தில் ‘பத்தால்’, அதாவது ‘செல்லாதது’ என்ற சொல்லைக் கொண்டவை இருந்தன. அடர்ந்த மைப் பரப்பில் எழுத்து வெள்ளையாகத் தெரியும் முத்திரைகளில் ‘அன் ஜானிபே போஸ்தாயே’ என்று தொடங்கி ஊர்ப்பெயர் வரும். ‘இன்ன ஊர்த் தபாலிலிருந்து’ என்று பொருள். பின்னர் வந்தவற்றில் பிரெஞ்சிலும் ஊர்ப்பெயர் சேர்ந்தது. அந்த ஊர் எதிர்னே ஆகலாம், ஜெருசலேம் ஆகலாம், பெய்ரூட், டமாஸ்கஸ், சனா, சலோனிக்கா எதுவும் ஆகலாம். இன்றைய பல நாடுகளின் அஞ்சல் வரலாறு துருக்கித் தபால்தலையின் மேல்தான் எழுதப்பட்டிருக்கிறது. ஆல்பத்தில் இடம் நிரப்ப ஒருவர் மலிவாக வாங்கும் 20 பாராவை, ஊர் முத்திரைக்காக இன்னொருவர் பல மடங்கு விலை கொடுத்து வாங்குவது இதனால்தான்.

1928 நவம்பர் 1 அன்று லத்தீன் எழுத்துச் சட்டம் வந்தது. மறு ஆண்டு முதல் தபால்தலைகளிலும் புதிய எழுத்து. அதற்குப் பிந்திய துருக்கித் தபால்தலைகளை யாரும் எளிதில் அடையாளம் காணலாம். அதற்கு முந்தியவற்றில் தொடங்க விரும்புகிறவருக்கு நான் சொல்வது, முழு வரிசை தேடாதீர்கள் என்பதே. அரபு எண்கள் பத்தையும் பாரா, குருஷ், போஸ்தா என்ற மூன்று சொற்களையும் முதலில் கற்றுக்கொள்ளுங்கள். ரூமி ஆண்டுக் கணக்கை ஆல்பத்தின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள். மேலச்சிட்ட உதிரித் தபால்தலை பத்தை வாங்கும் பணத்தில், அது ஒட்டிச் சென்ற உறை ஒன்றை வாங்குங்கள். உறையில் தபால்தலை, மேலச்சு, முத்திரை, பெறுநர் ஊர் நான்கும் ஒன்றையொன்று சரிபார்க்கும்.

இன்னொரு வேண்டுகோள். மெசபட்டோமியாவுக்கு, அதாவது இன்றைய இராக்குக்கு, போன சாப்பர்களின் வழித்தோன்றல்கள் வீடுகளில் அக்காலக் கடித உறைகள் இன்னும் இருக்கலாம். ‘ஐ.இ.எஃப்.’ மேலச்சிட்ட இந்தியத் தபால்தலையோ, அணா மதிப்பு ஏறிய துருக்கித் தபால்தலையோ, களத் தபால் முத்திரையோ அவற்றில் இருக்கக்கூடும். அப்படி ஓர் உறை கையில் கிடைத்தால் தயவுசெய்து தபால்தலையை வெட்டி எடுக்காதீர்கள். தண்ணீரில் ஊறவைத்துக் கழற்றாதீர்கள். உறையை உறையாகவே வைத்திருங்கள்.